ஸ்டீல் தட்டில் வைத்த பாறை

ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துல்லியம் என்பார்கள். டீ சூடாக இருக்கிறது என்று யாரோ சொன்னதற்கு எத்தனை டிகிரி என்று கேட்டாளாம். அது கட்டிவிட்ட கதை. ஆனால் கேட்டிருக்கக் கூடியவள்தான், சும்மா சொல்லக் கூடாது.

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் அவள் புருஷனை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள். இது ரகசியமே இல்லை, வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். பத்தொன்பது வருஷம் ரசாயனக் கலவைத் தொழிலிலேயே நின்ற மனுஷன். கவனக்குறைவு என்று ஒரு வார்த்தையைக் காகிதத்தில் எழுதி அனுப்பிவிட்டால் அப்புறம் அந்தத் தொழிலில் எவன் வாசலிலும் போய் நிற்க முடியாது.

விஷயம் இதுதான். நிலத்துக்கடியில் பாறையின் இடுக்குகளில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வெறும் தண்ணீரை உள்ளே இறக்கினால் அது எண்ணெயைச் சுற்றிக்கொண்டு தன் பாட்டுக்கு ஓடிவிடும். அதனால் தண்ணீரில் பாலிமர் தூளைக் கரைத்து, கொழகொழவென்று ஆக்கி, ஒரு கிணறு வழியாக இறக்குவார்கள். அது எண்ணெயை நெட்டித் தள்ளிக்கொண்டு போய் எதிர்க் கிணற்றில் வெளியே வர வேண்டும். போகிற வழியில் பாறை கொஞ்சம் பாலிமரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் தலையெழுத்து. கொஞ்சமாகப் பிடித்தால் திட்டம் பிழைத்தது. நிறையப் பிடித்தால் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அந்தப் பக்கம் ஒன்றும் வராது.

அந்த எண்ணைக் கண்டுபிடித்துச் சொன்னவள் துல்லியம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், விரல் நீளப் பாறைத் துண்டு ஒன்றைச் சோதித்து, ஒரு கிராம் பாறை இருபத்திரண்டு மைக்ரோகிராம்தான் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தாள். அந்த இருபத்திரண்டை நம்பித்தான் கலவைக்கூடம் எழுந்தது, அறுபது பேர் வேலைக்கு வந்தார்கள். ஒன்பதாம் மாதம் எதிர்க் கிணற்றில் பாலிமர் தலைகாட்ட வேண்டும். இப்போது பதினாலாவது மாதம். தினமும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் அவள் மேஜைக்கு வரும். கொஞ்சம் அமிலமும் ப்ளீச்சும் விட்டுப் பார்ப்பாள். பாலிமர் இருந்தால் பால் போல வெளுக்கும். ஐந்து மாதமாக அவள் அந்த வெள்ளைக்காகத் தவம் கிடந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

அப்படியானால் இறக்கின பாலிமர் எங்கே போயிற்று? திட்டத் தலைவர் விசாரித்தார். அவருக்குப் பொறுமை என்று பெயர், வாய்க்கு வாய் பொறுமை பொறுமை என்பார், அவரிடம் இல்லாத சரக்கு அது ஒன்றுதான். எண் தப்பாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டதற்கு, "துல்லியம் போட்ட எண்ணுய்யா அது" என்று பொறுமை சிரித்தாராம். எண் தப்பில்லை என்றால் கலவைதான் தப்பு. தூளைத் தண்ணீரில் தூவும்போது அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும். கட்டிகள் வடிகட்டியில் சிக்கிக் குப்பைக்குப் போகும், கிணற்றுக்குள் போவது பேருக்குத்தான் பாலிமர். பதிவேட்டிலோ முழு அளவும் இறங்கியதாக இருக்கும். பாவி மனுஷன், அங்கே பதினாலு மாதமாகத் தூவிக்கொண்டிருந்தவர் அவள் புருஷன்.

இத்தனைக்கும் அவர் வேலை செய்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். தொட்டியில் இரண்டு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்லப் பிரிப்பார். நடுவில் நூல் போல இழுபட்டு வரும். எங்கே அறுகிறது என்று பார்த்தே பதம் சொல்வார். மீட்டர் அப்புறம் அதையேதான் சொல்லும்.

நாலு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் அவர் கேட்டார். "ஊரே சொல்லட்டும். நீ என்ன நெனைக்கிற?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்ப இருபத்திரண்டு தப்புங்கிறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"ரெண்டுல ஒண்ணுதானே தப்பா இருக்க முடியும்?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தபோது குளியலறையில் வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூளைத் தூவி, குச்சியால் கலக்கி, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி தட்டுகிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருக்கிறார்! அவள் வாசலிலிருந்து அப்படியே திரும்பிப் போய்விட்டாள். என்ன சொல்வாள்? எண் எண்தானே.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். கூட்டத்தில் மேலிடத்து ஆட்களுக்குக் காட்ட வேண்டும், அந்தப் பாறையை எடுத்து வை என்று பொறுமை சொல்லியனுப்பியிருந்தார். அவள் அலமாரியிலிருந்து சோதித்த துண்டை எடுத்தாள். பக்கத்தில் மெழுகு பூசி மூடிய இன்னொரு துண்டு இருந்தது. இரண்டும் ஒரே ஆழத்தில் ஒட்டிப் பிறந்தவை. ஜோடியாகக் காட்டினால் நன்றாக இருக்குமே என்று மெழுகைக் கத்தியால் சீவினாள். உள்ளே எண்ணெய்க் கறையோடு கன்னங்கரேலென்று இருந்தது. மூலையில் ஒரு சில்லு பெயர்த்து, கரைப்பானில் அலசி, எண்ணெய் போனதும் வெளிச்சத்தில் பிடித்தாள்.

சாம்பல் நிறம்.

மேஜைமேல் இருந்த அதன் கூடப் பிறந்தது செங்கல் நிறம்.

சோதித்த அன்றைக்கே இந்தச் செம்மையை அவள் பார்த்திருந்தாள். எண்ணெய் கழுவினதால் நிறம் துலங்கிவிட்டது என்று நினைத்து மேலே போய்விட்டாள். இப்போது சூளை அறைக்கு ஓடினாள். அங்கே இருப்பவரை எல்லோரும் சூளை அண்ணன் என்பார்கள்.

"அண்ணே, ரெண்டு வருஷம் முன்னாடி, மார்ச் மாசம், கிணத்துப் பாறை ஒண்ணு. சூளைக்குள்ள வந்துச்சா?"

"கிணத்துப் பாறை சூளைக்கு எதுக்கும்மா வருது? அது கண்ணாடித் தட்டுல வெச்சு, வெதுவெதுப்பா காயவைக்கிற பெட்டிக்குத்தானே போகும். ஸ்டீல் தட்டுல இருக்கிறது மட்டும்தான் எனக்கு."

அதுதான் அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம். குவாரியிலிருந்து வரும் பயிற்சிப் பாறைகளை ஸ்டீல் தட்டில் வைப்பார்கள், அவற்றை ஐந்நூறு டிகிரியில் சுட்டுவிடுவார்கள். சுட்டால் உள்ளே இருக்கும் களிமண் செத்துவிடும், ஊறி வீங்கிச் சோதனையைக் கெடுக்காது. கிணற்றுப் பாறைக்குக் கண்ணாடித் தட்டு, அறுபது டிகிரி. ஏனென்றால் பாலிமரைப் பிடித்து வைத்துக்கொள்வதே முக்கால்வாசி அந்தக் களிமண்தான்.

"கண்ணாடித் தட்டு ஏதாவது உடஞ்சுதாண்ணே அப்போ?"

"ஆமா, உடஞ்சுது. புதுசு வர மூணு வாரம் ஆச்சு. ஏன்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு?"

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடித் தட்டு இல்லை. ஒரு நிமிஷம்தானே என்று பாறையை ஸ்டீல் தட்டில் வைத்தாள். தானே எடுத்துப் பெட்டிக்குள் வைக்கலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் பொறுமை அறிக்கை கேட்டுப் போனில் கூப்பிட்டார். அவள் போனாள். சூளை அண்ணன் வந்தார், ஸ்டீல் தட்டைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார். அவர்மேல் என்ன தப்பு? சாயங்காலம் ஆறின பாறை அவள் மேஜைக்குத் திரும்பி வந்தது. அவள் அதைச் சோதித்தாள். ஒரு செங்கல்லைச் சோதித்து, இருபத்திரண்டு என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டாள்.

சூளைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். குவாரிப் பாறை ஆறு என்று அவள் அனுப்பியிருந்த நாளில், சூளை அண்ணனின் கோணல் எழுத்தில் ஏழு என்று இருந்தது.

அவள் அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் துல்லியம் ஆயிற்றே! நிறத்தைப் பார்த்துச் சொன்னால் எவன் நம்புவான், எண் வேண்டாமா என்றுதான் அவள் புத்தி போயிற்று. நிலத்துக்கடியிலிருந்து எடுத்த பாறையில் உயிரோடு மிச்சம் இருந்தது அந்த மெழுகுத் துண்டு ஒன்றுதான். அதை இரும்புக் குழலுக்குள் இறுக்கினாள். பம்பை மாட்டினாள். உப்புத் தண்ணீரை ஓட்டி, சரியாக நாலு மணிக்குப் பாலிமரைத் திறந்துவிட்டாள். பாறை வழியாகக் கசிந்து வருவதை இயந்திரம் மணிக்கு ஒரு குழாயாகப் பிடித்து வைக்கும். பாறையின் இடுக்கெல்லாம் ஒருதரம் நிறைகிற அளவுக்கு அங்கே ஒரு வயிறு என்று பேச்சு. இந்தத் துண்டுக்கு ஐந்து குழாய் ஒரு வயிறு. இருபத்திரண்டு நிஜம் என்றால் ஏழாவது குழாய் வெளுத்தாக வேண்டும்.

வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது நாத்தனார். புருஷனின் அக்கா, கூடவே இருப்பவர், நாக்கில் கத்தி வைத்திருப்பவர்.

"வாம்மா மகராசி. நாளைக்கு என் தம்பிய அனுப்பறாங்க. உன் இருபத்திரண்ட ஃபிரேம் போட்டு மாட்டிக்கோ."

"அண்ணி, இன்னிக்கு ஒண்ணும் பேசாதீங்க."

"நான் பேசல. பேச வேண்டியவ நீ. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவை, எம் புருஷன் சரியாத்தான் கலக்கியிருப்பாருன்னு உன் வாயிலேருந்து வந்துச்சா? மெஷினா பொறந்திருக்க வேண்டியவ தப்பிப் பொம்பளையாப் பொறந்துட்ட."

எப்போதும் திருப்பிக் கொடுப்பவள் அன்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதிலேயே கவனமாக இருந்தாள். நாத்தனாருக்கே அது ஒரு மாதிரி ஆகி, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புருஷன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் போட வேண்டிய சட்டை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. எதிரே கோடு போட்ட வெற்றுக் காகிதம்.

"பேனா ஒண்ணு எடுத்துக் குடேன். இது எழுத மாட்டேங்குது" என்றார்.

அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூட்டத்தில் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல எழுதி வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். சொல்லிவிடலாமா என்று தொண்டைவரை வந்தது. நாளைக்குக் காலையில் ஏழாவது குழாய் வெளுத்துவிட்டால்? ஆசை காட்டி மோசம் செய்தது போல் ஆகிவிடுமே. சரிபார்க்காத எண்ணைச் சொல்லிக் குடியைக் கெடுத்தது ஒரு தடவை போதாதா? அவள் வார்த்தையை விழுங்கிக்கொண்டு அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்து கோடு தாண்டிப் போயிற்று.

"நாளைக்கு நீயும் இருப்பியா?" என்று நிமிராமல் கேட்டார்.

"இருப்பேன்."

"சரி."

புதன்கிழமை காலை ஆறரைக்கே ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். குழாய்கள் வரிசையாக நின்றன. அமிலம், ப்ளீச். ஐந்து மாதமாக வெள்ளை வா வெள்ளை வா என்று கெஞ்சின அதே வாய் இப்போது வராதே என்று கெஞ்சியது. ஆறாவது குழாய் தெளிவு. ஏழாவதில் விடும்போது ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. விளக்குக்கு முன்னால் பிடித்துக் காத்திருந்தாள். ஏழாவது தெளிவு. எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொரு தெளிந்த குழாயும் அவரை விடுவித்தது, அவளைக் கட்டிப் போட்டது. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்று. பதினாலில்தான் மங்கலாக ஒரு புகை எழுந்தது. பதினைந்து பால்.

கணக்குப் போட்டாள், அழித்து மறுபடி போட்டாள், மூன்றாம் தரம் சரிபார்த்து முடிப்பதற்குள் மணி பத்தைத் தாண்டிவிட்டது. நூற்றெண்பது. அவள் எழுதிக் கொடுத்ததைப் போல எட்டு மடங்கு. பதினாலு மாதமாக அவர் ஒழுங்காகக் கலக்கி இறக்கினதை எல்லாம் பாறை ஒரு கை பார்த்திருக்கிறது. எதிர்க் கிணற்றுக்கு வர இன்னும் ஆறு மாதமாவது ஆகும்.

பக்கத்திலேயே கழுவுத்தொட்டி. பதினைந்து குழாயையும் கவிழ்த்தால் போதும், இருபத்திரண்டு இருபத்திரண்டாகவே இருந்துவிடும், துல்லியம் துல்லியமாகவே இருந்துவிடுவாள். அந்த நினைப்பு அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அவள் குழாய்த் தாங்கியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு கூட்ட அறைக்கு நடந்தாள். மணி பத்தேகால்.

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கதவோரம், இஸ்திரிச் சட்டையில்.

"வாம்மா" என்றார் பொறுமை. "பாறை எங்க? அது என்ன குழாயெல்லாம்?"

"சார், இருபத்திரண்டு தப்பு."

அவள் செங்கல் நிறத்தையும் சாம்பல் சில்லையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஸ்டீல் தட்டைச் சொன்னாள். சூளைப் பதிவேட்டில் ஏழைக் காட்டினாள். ஏழாவது குழாயையும் பதினைந்தாவதையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "சுட்ட பாறையச் சோதிச்சுட்டேன் சார். சூளை அண்ணன் மேல தப்பில்ல, கலவை மேலயும் தப்பில்ல. நூத்தியெண்பது. நான்தான்."

பொறுமைக்கு முகம் தொங்கிவிட்டது. "நூத்தியெண்பதுன்னு தெரிஞ்சிருந்தா முதல் மூட்டையே பிரிச்சிருக்க மாட்டோமேம்மா. இந்தத் திட்டத்த இன்னிக்கே மூட வேண்டியதுதான். அறுபது பேரு..." கொஞ்ச நேரம் செங்கல் துண்டையே பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "இத ரெண்டு மணி நேரம் முன்னாடி சொல்லக் கூடாதா? இவரு ஒம்பது மணிக்கே எழுதிக் குடுத்துட்டாரு. தலைமை ஆபீசுக்கு நகல் அனுப்பியாச்சு. இது அசல்."

கோடு தாண்டிப் போன எழுத்து. அவள் பேனாவின் மை.

'பாறையின் எண்ணைக் கண்டறிந்தவர் என் மனைவி. அவர் எண் தவறியதை நான் பார்த்ததில்லை. ஆகவே என்னை அறியாமல் கலவையில் கட்டி தட்டியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். வேறு யாரையும் இதற்குப் பொறுப்பாக்க வேண்டாம்.'

அவள் படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள். இதைவிட அவர் அவளை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"திருப்பி வாங்க முடியாதா சார்?"

"ஒத்துக்கிட்டவரே ஒத்துக்கிட்டப்புறம் எப்படிம்மா? நீயும் எழுதிக் குடு, அதையும் அனுப்பறேன். விசாரிப்பாங்க. பொறுமையா இருங்க." சொன்னவர் குரலிலேயே தெம்பில்லை.

கதவோரத்திலிருந்து அவர் எழுந்து வந்தார். பொறுமையைப் பார்க்கவில்லை, பாறையைப் பார்க்கவில்லை. பதினைந்தாவது குழாயை எடுத்து, அந்த வெள்ளையையே பார்த்தார்.

"அப்ப கட்டி தட்டலையா?"

"இல்லைங்க" என்றாள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். "ஒரு கட்டிகூடத் தட்டல. நீங்க சரியாத்தான் கலக்கியிருக்கீங்க."

அந்த மனுஷன் எட்டுப் பேர் முன்னால் சிரித்தார். வேலை போய்விட்டது, திட்டம் போய்விட்டது, சிரிப்பு வருகிறது பாருங்கள். "சரியாத்தான் கலக்கியிருக்கேன் சார்" என்று பொறுமையிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னார். அவரை அறியாமல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, மெல்லப் பிரிந்தன.

தாழ்வாரத்துக்கு வந்ததும்தான் சிரிப்பு நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"குழாய் வெளுத்தது இன்னிக்குக் காலையிலதான்."

"நான் அதக் கேக்கல. சந்தேகம் எப்ப வந்துச்சு?"

"நேத்துக் காலையில."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார். நின்றார். சட்டைப் பையிலிருந்து அவள் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நேத்து ராத்திரி இத நான் கேட்டப்ப எடுத்துக் குடுத்தியே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் வைத்திருப்பாள். அவர் படியிறங்கி, அறுபது பேருக்கும் விஷயத்தைச் சொல்லக் கலவைக்கூடத்துப் பக்கம் போனார். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். உள்ளே போய் எழுத வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.